மரமில்லா மலையும் பிக் பெண்டும்: பாலைவனத்தின் நடுவே ஒரு காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்

அகழிக்கரை (சத்துவாச்சாரி), ஞாயிறு காலை 6.40

நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதை எழுதினால் எனக்கு இன்று மதியச் சாப்பாடு கிடைக்காது. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், ஆகவே அது காலாவதி. ஆறும் மலையும் இன்னும் அப்படியே கேலிக்குள் இருக்கின்றன.

மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கிறாள். மார்ச்சில் போயிருந்தபோது மாப்பிள்ளை, "மாமா, பாலைவனம் பார்க்கப் போகலாம், வாருங்கள்" என்றார். "மே மாத மத்தியானம் பாலாற்றுப் பாலத்தில் நின்றவனுக்கு அது எதற்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன். கேட்டாரா? ஏழரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போய், மெக்சிகோ எல்லையில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் இறக்கிவிட்டார்.

பெயரே காரணப் பெயர்தான். ரியோ கிராண்டே ஆறு அங்கே பெரிதாக வளைகிறது, அந்த வளைவின் மடியில் பூங்கா. சுமார் 3,240 சதுர கிலோமீட்டர். ஆறே எல்லை: இக்கரை அமெரிக்கா, அக்கரை மெக்சிகோ. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூங்காவின் வேலி அந்த ஆறுதான்.

சுற்றிலும் சிவாவா பாலைவனம். நடுவில் திடீரென்று சிசோஸ் என்று ஒரு மலைத்தொடர். அடி முதல் முடி வரை ஒரே பூங்காவுக்குள் அடங்கிவிடும் மலைத்தொடர். ஆற்றங்கரை கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர். உச்சியான எமரி சிகரம் 2,385 மீட்டர். கீழே கிரியோசோட் புதர், கத்தி போன்ற மடல் கொண்ட லெச்சுகியா, முள் குச்சிகளைக் கட்டி நட்டு நுனியில் சிவப்புப் பூவைச் செருகியது போன்ற ஒகோட்டியோ. கார் ஏற ஏற முதலில் புல் தெரிகிறது. அப்புறம் பெரிய கற்றாழை. ஒரு கொண்டைஊசி வளைவு திரும்பியதும் நிழல்! ஓக், ஜூனிபர், பைன். கீழே குளிர்சாதனம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மேலே இறங்கியதும் ஸ்வெட்டரைத் தேடினோம். என் மனைவி, "ஏலகிரிக்கு வந்துவிட்டோமா?" என்றாள்.

என் கேள்வி இதுதான். அந்த மலைக்கு ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம். நம் வேலூருக்கு அதைப் போல் இரண்டு பங்கு பெய்கிறது. அங்கே காடு நிற்கிறது. சத்துவாச்சாரி மலையில் நின்றால் பாறைச் சூட்டில் செருப்பு ஒட்டுகிறது. மழை குறைவு என்று இத்தனை காலம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டது பொய்தானே?

குடியாத்தத்தான், ஞாயிறு காலை 7.15

பொய்யேதான். ஆடு, கோடரி, தீப்பெட்டி. மூன்றையும் பத்து வருடம் மலைக்கு அனுப்பாமல் இருங்கள், மரம் தானாக வரும்.

இலவம்பாடி முள்கத்திரி, ஞாயிறு காலை 8.05

எழுதிவிட்டீர்களா, மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் பதினோரு ஆடு இருக்கிறது. அவை மலைக்குப் போவதற்குக் காரணம், கீழே இருந்த மேய்ச்சல் புறம்போக்கு முழுவதும் வீட்டுமனையாகிவிட்டது. மனை போட்டவரை யாரும் திட்டுவதில்லை, ஆட்டைத்தான் திட்டுகிறீர்கள். ஆடு பதில் எழுதாது என்ற தைரியம்.

அகழிக்கரை ஐயா, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

அகழிக்கரை, ஞாயிறு காலை 9.30

அம்மா, நீங்கள் கேட்டதுதான் உண்மையான கேள்வி. அதற்குள் ஒரு கதையே இருக்கிறது.

மலைக்குள் கிண்ணம் போல் ஒரு பள்ளம். கூடாரம் அடிக்கும் இடமும் தங்கும் விடுதியும் அங்கேதான். ஒவ்வொரு கூடாரத் திடலிலும் மண்ணிறப் பூச்சுப் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று தரையோடு முடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ரேஷன் கடை அரிசிப் பெட்டி அளவு இருக்கும். பிடி வெளியே தெரியாது. உள்ளங்கையை மல்லாத்தி ஒரு மடிப்புக்குள் விட்டு, விரலால் கொக்கியை மேலே தள்ளினால்தான் கதவு திறக்கும். கரடியின் கை அந்த மடிப்புக்குள் நுழையாது. உணவு, பற்பசை, சோப்பு, மனைவியின் தலைக்குத் தடவும் எண்ணெய் எல்லாம் அதற்குள் போகவேண்டும்.

நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். மனைவி தூக்கைக் கூடாரத்துக்குள் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ("புளியோதரையைக் கரடி தின்னுமா? உளறாதீர்கள்.") சாயங்காலம் வனக்காவலர் பெண் ஒருவர் வந்தார். நல்லெண்ணெயும் பெருங்காயமும் காற்றில் நின்றிருக்கவேண்டும். சிரித்துக்கொண்டே மூக்கைத் தொட்டுக் காட்டினார். தூக்கு பெட்டிக்குள் போயிற்று. இரவு முழுதும் மனைவி கரடிக்காக விழித்திருந்தாள், வரவில்லை. காலையில் அவளுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அந்தக் கரடிகள் வந்த கதை பெரிது. பூங்கா 1944-இல் தொடங்கியபோது அங்கே கருங்கரடிகள் ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்தன. சுட்டும் பொறி வைத்தும் தீர்த்திருந்தார்கள். யாரும் கொண்டுவந்து விடவில்லை. 1980-களில் மெக்சிகோ பக்கத்து கார்மென் மலையிலிருந்து தாமாகவே இறங்கி, ஆற்றை நீந்தி, பாலைவனத்தைக் கடந்து வந்து சேர்ந்தன. 1988-இல் ஒரு தாய்க்கரடியைக் குட்டிகளோடு பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மழை பொய்த்து ஓக் கொட்டை இல்லாமல் போனபோது பல கரடிகள் மலையை விட்டே இறங்கிப் போய்விட்டன. அப்புறம் மறுபடி வந்தன. வெறும் மலை வெறும் மலையாகவே கிடக்கவேண்டும் என்று விதி இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

நீரளவை (காட்பாடி), ஞாயிறு காலை 11.20

பொதுப்பணித் துறையில் மழைக் கணக்கும் ஏரிக் கணக்கும் எழுதியவன் என்ற முறையில் முதல் பதிவில் ஒரு பிழையைத் திருத்துகிறேன். அகழிக்கரை மழையை மட்டும் ஒப்பிட்டார், உயரத்தை விட்டுவிட்டார். கூடாரம் போட்ட அந்தக் கிண்ணமே சுமார் 1,650 மீட்டர் உயரம். ஏலகிரி 1,100 சொச்சம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் குறையாமல் வெப்பம் இறங்கும். குளிர்ந்த இடத்தில் பெய்த 500, இங்கே கொதிக்கும் பாறையில் பெய்யும் 1,000-க்கு ஈடு கொடுக்கும். பெய்தது முக்கியம்தான், மண்ணில் எவ்வளவு நாள் தங்கியது என்பது அதைவிட முக்கியம்.

சத்துவாச்சாரி மலையில் தங்குவதற்கு மண்ணே இல்லை. மரம் போனது, வேர் போனது, வேர் பிடித்திருந்த மண் ஓடைவழி இறங்கி ஏரியில் வண்டலாகப் படிந்தது. இப்போது கனமழை பெய்தால் அரை மணியில் வழிந்து ஓடிவிடுகிறது. பத்து வருடம் ஆட்டை நிறுத்தினால் மரம் வரும் என்ற குடியாத்தத்தார் கணக்கு மண் மிச்சமிருக்கும் மலைக்குச் சரி. பாறை வெளியே வந்துவிட்ட மலைக்குப் பத்து வருடம் போதாது.

அந்தப் பூங்காவிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1941-இல் டெக்சாஸ் சட்டமன்றம் 15 லட்சம் டாலர் ஒதுக்கித் தனியார் பண்ணைகளை வாங்கியது. விற்றவர்கள் சில காலம் கால்நடையை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். எப்படியும் போகப்போகிற நிலம்தானே என்று அளவுக்கு மீறி மாடும் ஆடும் விட்டு மேய்த்துவிட்டார்கள். டோர்னியோ சமவெளி என்று ஓரிடம். புல்வெளியாக இருந்தது, இன்று பெரும்பகுதி வெறும் மண். எண்பது ஆண்டு காவலுக்குப் பிறகும் பழைய புல் திரும்பவில்லை. கரடி நடந்து வந்துவிடும்; மண் நடந்து வராது.

அகழிக்கரை, ஞாயிறு மதியம் 12.05

ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சமவெளி வழியாகத்தான் போனோம். "இதுதான் அசல் பாலைவனம்" என்று நான் ரசித்துப் புகைப்படம் வேறு எடுத்தேன். மாடு மேய்த்த இடம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ராணிப்பேட்டைச் சிறகு, ஞாயிறு மதியம் 1.40

பறவை பார்க்கிறவர்களுக்கு சிசோஸ் என்றால் கொலீமா கதிர்க்குருவிதான். ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து வந்து அந்த மலையின் ஓக் காட்டுத் தரையில் கூடு கட்டும். அமெரிக்காவுக்குள் அதைப் பார்க்க வேறு போக்கிடம் கிடையாது. பாலைவனம் கடல் என்றால் அந்த மலை ஒரு தீவு. குளிர்ச்சி வேண்டிய உயிர்கள் மேலே மாட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயில் ஏற ஏற அவையும் மேலே ஏறுகின்றன. உச்சிக்கு மேல் ஏற இடமில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது ஒரு மீன். பிக் பெண்ட் கம்பூசியா என்று பெயர், விரல் நீளம்கூட இருக்காது. ஆற்றங்கரை ஊற்றுக் குட்டைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1950-களில் குட்டை கெட்டு, வேறு மீன்கள் புகுந்து, கடைசியில் மிஞ்சியது மூன்று: இரண்டு ஆண், ஒரு பெண். இன்று இருப்பவை எல்லாம் அந்த மூன்றின் வாரிசுகள்.

வாணியம்பாடி வாசகன், ஞாயிறு மதியம் 2.10

மூன்று மீனுக்குக் குட்டை வெட்டிக் காத்தார்கள். நாம் பாலாற்றில் தோல் கழிவு விட்டு, உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் "கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும்" என்று சொல்லும்வரை போனோம். அந்தத் தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்னும் குடிக்க முடியவில்லை.

நீரளவை, ஞாயிறு மாலை 4.30

ஆறு என்றதும் இன்னொன்று. ரியோ கிராண்டே பெரிய ஆறு என்று பெயர்தான். எல் பாசோ நகரத்தைத் தாண்டுவதற்குள் பாசனத்துக்கு எடுத்து எடுத்து நூலாகிவிடுகிறது. பிறகு மெக்சிகோவிலிருந்து கோன்சோஸ் என்ற துணையாறு வந்து சேர்ந்து உயிர் கொடுக்கிறது. அகழிக்கரை பார்த்த தண்ணீரில் பெரும்பங்கு மெக்சிகோ மலைத் தண்ணீர். அதைப் பங்கிடும் ஒப்பந்தம் பூங்கா பிறந்த அதே 1944-இல் கையெழுத்தானது, இன்றுவரை சண்டை ஓயவில்லை.

நமக்கு 1892 சென்னை–மைசூர் ஒப்பந்தம். காவிரியோடு பாலாறும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நந்தி மலையில் பிறந்து, மூன்று மாநிலம் கடந்து, மேலே தடுப்பணைகளில் தேங்கியது போக மிச்சம்தான் நமக்கு. 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடியபோது மக்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவ்வளவு அபூர்வம்.

குடியாத்தத்தான், ஞாயிறு மாலை 5.00

ஆற்றில் தண்ணீர் இல்லாததற்கு இன்னொரு காரணத்தை விட்டுவிட்டீர்கள்: சீமைக் கருவேலம். படுகை முழுக்க அதுதான். வேரோடு பிடுங்கினால் ஊற்று தானாக வரும்.

அகழிக்கரை, ஞாயிறு மாலை 6.20

தம்பி, இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆற்றங்கரை முகாமில் எங்களுக்குக் கிடைத்த நிழல் எதன் நிழல் தெரியுமா? மெஸ்கீட் மரம். தண்டைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன், முள்ளில் விரலை வைத்துக் குத்திக்கொண்டும் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. பத்தாயிரம் மைல் பறந்து வந்தும் இதன் நிழலில்தானா உட்காரவேண்டும் என்று எனக்குச் சிரிப்பு.

ஆனால் அங்கே அது வில்லன் கிடையாது. அதன் நெற்றைக் காட்டுப்பன்றி சாயலில் இருக்கும் ஹவலீனா தின்கிறது, கயோட்டி நரி தின்கிறது. அந்த ஊர்ப் பழங்குடிகள் நெற்றை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். தின்பதற்கு ஆள் இருக்கிறது, அடக்குவதற்குக் குளிர்காலப் பனி இருக்கிறது. இங்கே 1870-களில் விறகுக்கு என்று ஆங்கிலேயர் கடப்பைப் பக்கம் ஊன்றியபோது விதை வந்தது, அதை அடக்கும் சொந்தபந்தம் எதுவும் கூட வரவில்லை.

சப்பாத்திக்கள்ளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஒரு காலத்தில் நம் மாவட்டங்களில் வயல், வரப்பு, சுடுகாடு எங்கும் அடைத்துக் கிடந்ததாக என் தாத்தா சொல்லுவார். 1920-களில் கொச்சினியல் வகைப் பூச்சியை விட்டதும் சில ஆண்டுகளில் வெந்த கீரை போல் அழுகி விழுந்தது. கள்ளிக்குப் பூச்சி கிடைத்துவிட்டது. கருவேலத்துக்கு நீதிமன்ற உத்தரவுதான் கிடைத்தது, அதை மரம் படிப்பதில்லை.

இலவம்பாடி முள்கத்திரி, ஞாயிறு மாலை 6.45

பிடுங்கச் சொல்லுகிறவர்கள் பிடுங்கிய இடத்தில் என்ன வைப்பது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். எங்கள் கரையில் இயந்திரம் விட்டு வழித்தார்கள். அடுத்த மழையில் கரை சரிந்தது. மறுவருடம் அதே முள், இரண்டு மடங்கு. வெறும் நிலமாக விட்டால் முதலில் வருவது அதுதான். அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் அதை நம்பியிருக்கிற வீடுகளும் உண்டு.

ஜமுனாமரத்தூர் ஆசிரியர், ஞாயிறு இரவு 8.30

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மலை, மரம், கரடி, மீன், ஆடு எல்லாம் வந்துவிட்டன. மலையில் இருக்கும் ஆள் மட்டும் வரவில்லை.

நான் ஜவ்வாது மலைக்காரன், மலையாளிப் பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை). "மலையை அப்படியே விட்டுவிட்டால் போதும்" என்று கீழே இருப்பவர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். விடவேண்டியது யார்? அந்த டெக்சாஸ் பண்ணைக்காரருக்குப் பட்டா இருந்தது, பணம் வாங்கிக்கொண்டு போனார். என் பாட்டனுக்குப் பட்டா கிடையாது. சாமை விதைத்த கொல்லை இருந்தது, புளியமரம் இருந்தது, தேன் எடுக்கும் பாறை இருந்தது. காகிதம் இல்லாததால் எல்லாம் ஆக்கிரமிப்பு. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், மனு கொடுத்த ஒரு அலுவலகத்தில் "மூன்று தலைமுறைக்குச் சான்று கொண்டுவா" என்றார்கள். நட்ட பலாமரத்தைக் காட்டினேன். மரம் சான்றாகாது என்றார்கள்.

சந்தன மரம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வெட்டிய கை கூலிக்காரனுடையது, கைதானவனும் அவனே. லாரி எந்தப் பக்கம் இறங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கோடையில் தீ வைக்கிறோம் என்று எங்கள்மேல் பழி உண்டு. சிலர் வைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தீ வந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவர்களும் நாங்கள்தான். கீழேயிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் பாதி அணைந்திருக்கும்.

அகழிக்கரை, ஞாயிறு இரவு 9.10

ஆசிரியர் ஐயா, என் முதல் பதிவில் ஆள் இல்லை என்பது உண்மை. நான் பார்த்த பூங்காவிலும் ஆள் இல்லை, அதனால் தோன்றவில்லை போலும். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார்கள். போக்கியாஸ் என்று ஒரு சின்ன மெக்சிகோ ஊர். முன்பெல்லாம் துடுப்புப் படகில் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார்களாம். 2001 தாக்குதலுக்குப் பிறகு 2002-இல் அந்தத் துறையை மூடிவிட்டார்கள். 2013-இல்தான் மறுபடி திறந்தார்கள். சுற்றுலாக்காரரை நம்பி இருந்த ஊர், பதினோரு ஆண்டு என்ன சாப்பிட்டிருக்கும்?

இக்கரைப் பாறையில் கம்பியில் மணி கோத்து முறுக்கிய தேள் பொம்மைகள், பக்கத்தில் ஒரு டப்பா, விலை எழுதிய அட்டை. காவலுக்கு ஆள் இல்லை. ராத்திரி ஆற்றைக் கடந்து வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை வாங்கினால் சட்டப்படி குற்றம் என்று பூங்காப் பலகை சொல்லுகிறது. வாங்கினேனா இல்லையா என்று எழுதமாட்டேன்.

நீரளவை, ஞாயிறு இரவு 9.25

உங்கள் வரவேற்பறை அலமாரியில் போன வாரம் ஒரு தேளைப் பார்த்தேன். காதி கண்காட்சியில் வாங்கியது என்றீர்கள்.

ராணிப்பேட்டைச் சிறகு, ஞாயிறு இரவு 9.50

வானத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, அகழிக்கரை ஐயா? பிக் பெண்ட் 2012-லேயே இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 2022-இல் சுற்றுவட்டாரத்தையும் மெக்சிகோப் பகுதியையும் சேர்த்துப் பெரிய இருள்வானக் காப்பகமாக்கினார்கள்.

அகழிக்கரை, ஞாயிறு இரவு 10.15

எழுத நினைத்துத் தயங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு இயற்கை அழைப்புக்கு வெளியே வந்தேன். மேலே பார்த்தவன் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். பால்வீதி ஒரு மலை முகட்டிலிருந்து மறு முகட்டுக்குப் பாலம் போட்டதுபோல் கிடந்தது. எழுபது வயதில் கடைசியாக அப்படிப் பார்த்தது எங்கே என்று யோசித்தேன். ஆலங்காயம் அஞ்சலகத்தில் இருந்தபோது, காவலூர் போகும் வழியில், 1980-களில்.

ஜமுனாமரத்தூர் ஆசிரியர், ஞாயிறு இரவு 10.30

எங்கள் மலைதான். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தபோது என் அப்பா பாதை போடும் வேலைக்குப் போயிருந்தார். இருட்டு வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் எங்கள் மலையைத் தேடி வந்தார்கள். இப்போது கீழ்வானத்தில் வாணியம்பாடி வெளிச்சமும் திருப்பத்தூர் வெளிச்சமும் ஏறி வருகின்றன. மரத்துக்குக் காவல் கேட்கிறீர்கள். இருட்டுக்கும் யாராவது கேளுங்கள். அதற்குப் பட்டா வேண்டாம், எங்களை வெளியே அனுப்பவும் வேண்டாம். விளக்குக்குத் தொப்பி போட்டால் போதும்.

குடியாத்தத்தான், ஞாயிறு இரவு 10.40

காலையில் அவசரப்பட்டு எழுதினேன், முள்கத்திரி அக்கா கோபித்துக்கொள்ளவேண்டாம். காவலூருக்கு எல்லாரும் ஒரு நாள் போகலாமே? பொதுமக்களை எந்தக் கிழமை விடுகிறார்கள் என்று நான் விசாரிக்கிறேன். என் அண்ணனிடம் வேன் இருக்கிறது.

இலவம்பாடி முள்கத்திரி, ஞாயிறு இரவு 10.50

கத்திரிக்காய்க் கொத்சு என் பொறுப்பு. ஆட்டை வீட்டில் கட்டிவிட்டு வருகிறேன், பயப்படாதீர்கள்.

ஜமுனாமரத்தூர் ஆசிரியர், ஞாயிறு இரவு 11.05

சாமைச் சோறு எங்கள் வீட்டில். அகழிக்கரை ஐயா, அம்மாவையும் அழைத்து வாருங்கள், புளியோதரையோடு. எங்கள் மலையிலும் கரடி உண்டு. இரும்புப் பெட்டிதான் இல்லை. தூக்கை வைக்கோல் போருக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். குரங்கைப் பற்றி மட்டும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.